காலமை வெள்ளைக் குளிசை, இரவிலை ரோஸ்

"காலமை ஒரு வெள்ளைக் குளிசை. இரவிலை அதிலை ஒண்டும், ரோஸ் நிறத்திலை அரைவாசியும். பேர் தெரியாது டொக்டர். அவர் தாறதைப் போடுறனான்."

கொழும்பில் முப்பது, நாற்பது வருடம் டிஸ்பென்சரி நடத்திய ஒரு குடும்ப டொக்டர் கண்ணை மூடினால், அக்கம்பக்கத்து டொக்டர்கள் எல்லோரும் சில நாட்களிலேயே இதைக் கேட்கத் தொடங்குவார்கள். வந்தவரின் கையில் சின்னக் காகிதக் கவர் ஒன்று இருக்கும். அதன்மேல் நீலப் பேனையால் '1 வீதம் 2 வேளை', அதற்குக் கீழே 'சாப்பாட்டுக்குப் பின்'. மருந்தின் பெயரும் இருக்காது, எத்தனை மில்லிகிராம் என்றும் இருக்காது, திகதியும் இருக்காது.

அஞ்சலிக் குறிப்புகளில் இந்தக் கவர் வராது. கைராசி வரும், காசு வாங்காமல் பார்த்தது வரும், நடுச்சாமத்தில் தட்டினாலும் கதவு திறந்தது வரும். அவை பொய்யில்லை. ஆனால் அந்த டொக்டர் எப்படி வேலை செய்தார், அவர் போனதும் சரியாக எந்த இடத்தில் உடைகிறது என்று பார்க்க வேண்டுமானால் கவரில் இருந்துதான் தொடங்க வேண்டும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் அந்தத் தலைமுறை ஒருவர் ஒருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவரைப் பற்றி எழுதினால் ஏறக்குறைய எல்லோரையும் பற்றி எழுதினது மாதிரித்தான்.

டிஸ்பென்சரி என்றால் பெரும்பாலும் வீட்டின் முன்னறை. சுவரோரம் இரண்டு வாங்கு, இலக்கம் எழுதிய அட்டைத் துண்டுகள், பாதிக் கதவுக்கு அப்பால் டொக்டரின் மேசை. அவருக்குப் பின்னால் பலகைத் தடுப்பு. அதில் ஒரு சதுர ஓட்டை. டொக்டர் துண்டில் எழுதி ஓட்டைக்குள் நீட்டுவார். அந்தப் பக்கம் உதவியாளர் ஒருவர், ஆயிரம் குளிசை கொண்ட டின்னைச் சரித்து, தட்டில் கொட்டி, மழுங்கிய கத்தியால் மூன்று மூன்றாய் ஒதுக்கி எண்ணி, கவரில் போட்டு மடிப்பார். பார்த்ததற்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே காசு. பாமசிக்கு வேறாக அலையத் தேவையில்லை. தினக்கூலிக்குப் போகிறவருக்கு இந்த ஒன்றே போதும், பெரியாஸ்பத்திரி வெளிநோயாளர் வரிசையை விட்டு இங்கே வர.

மூன்று நாளைக்குத்தான் மருந்து. "மூண்டு நாளைக்குத் தாறன், குறையாட்டி வாங்கோ." கஞ்சத்தனம் என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் அதுதான் அவருடைய பரிசோதனை முறை. சாதாரண வைரஸ் காய்ச்சலும் தடிமனும் அதற்குள் இறங்கத் தொடங்கும். இறங்காமல் திரும்பி வருகிற காய்ச்சலைத்தான் அவர் உட்கார்த்தி வைத்துப் பார்த்தார். ஆளைத் திரும்பி வரவைப்பதே பாதி வைத்தியம்.

சரி, கவரில் ஏன் பெயர் இல்லை? நான்கு காரணம் சொல்லலாம். கவர் சின்னது, கூட்டம் பெரியது. பெயர் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். பெயர் தெரிந்தால் அடுத்த முறை நேரே பாமசிக்குப் போய்விடுவார்கள். நாலாவது, பழைய மிக்ஸ்சர் காலத்துப் பழக்கம்: போத்தலில் வந்த மருந்துக்கு நோயாளியைப் பொறுத்தவரை பெயரே கிடையாது, 'இருமல் மருந்து', 'வாய்வு மருந்து' அவ்வளவுதான். முதலாவதையும் நாலாவதையும் மன்னிக்கலாம், இரண்டாவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மூன்றாவது வியாபாரம், அதை வேறு பெயர் சொல்லிப் பூசி மெழுகத் தேவையில்லை. இதில் ஒரு முரண் இருக்கிறது. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே வற்புறுத்தியது, மருந்தை வியாபாரப் பெயரால் அல்ல, அதன் பொதுப் பெயரால் எழுத வேண்டும் என்று. அந்தக் கொள்கையால் மலிவாய்க் கிடைத்த குளிசைகள், எந்தப் பெயருமே இல்லாத கவரில் வீட்டுக்குப் போயின.

மிக்ஸ்சர் காலத்தைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இன்றைக்கு அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு டொக்டர் என்றால் முதலில் மூக்கில் ஏறுவது அந்த வாசனைதான். வீட்டிலிருந்து கழுவிய போத்தல் கொண்டுபோக வேண்டும். உதவியாளர் ஒரு காகித நாடாவை மடித்து ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு, விரித்துப் போத்தலின் பக்கத்தில் நெடுக்காய் ஒட்டுவார். ஒவ்வொரு வெட்டும் ஒரு வேளை. கரண்டி அளவு வீட்டுக்கு வீடு மாறும், நாடா மாறாது. பிரித்தானிய மருந்து நூலின்படி அமோனியா-இபிகாக் இருமல் மிக்ஸ்சரின் 10 மில்லிலீற்றர் வேளை ஒன்றில் அமோனியம் பைகார்பனேற் 200 மில்லிகிராம், அதிமதுரச் சாறு 0.5 மில்லிலீற்றர், இபிகாக் டிங்சர் 0.3 மில்லிலீற்றர், கற்பூர நீரும் சோம்பு நீரும் சொட்டளவு, மிச்சம் குளோரோஃபோம் நீரும் வெறும் நீரும். வாய்வு மிக்ஸ்சரில் சோடாப்பு, ஏலக்காய், இஞ்சி, பெப்பர்மின்ற்.

பிழை நடக்கும் இடங்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற கயோலின் அடியில் படியும். குலுக்காமல் குடித்தால் முதல் நாள் வெறும் தண்ணீர், கடைசி நாள் சேறு. குளோரோஃபோம் நீர் வாசனைக்காக மட்டும் சேர்ப்பதில்லை, அதுதான் கெடாமல் வைத்திருப்பது. அதை மிச்சம்பிடித்து வெறும் தண்ணீர் விட்டால் கொழும்புப் புழுக்கத்தில் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். ஒழுங்காய்ச் செய்ததையும் இரண்டு கிழமைக்கு மேல் வைப்பதில்லை. இபிகாக் அளவு கூடினால் இருமல் நிற்க முன்னம் சத்தி வரும்.

கண்ணாடிச் சிரிஞ்சும் கொதிக்கும் எவர்சில்வர் பெட்டியும் ஒருமுறை பாவித்து எறியும் ஊசி வந்ததோடு போயின. அதற்காக யாரும் கவலைப்படத் தேவையில்லை.

போகாதது ஞாபகம். இலங்கையில் குடும்ப டொக்டரிடம் பெயரைப் பதிந்து வைக்கும் ஏற்பாடு எதுவும் வேரூன்றவில்லை. அரச வைத்தியசாலை கிளினிக்கில் கொப்பி தருவார்கள், அது நோயாளியின் கையில் இருக்கும். தனியார் டிஸ்பென்சரியில் சிலர் அட்டை வைத்திருந்தார்கள், சிலர் அதுகூட இல்லை. எல்லாம் ஒருவரின் தலைக்குள். 1983 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு பிறப்புப் பத்திரமும் ஊசிக் கொப்பியும் எரிந்துபோன குடும்பங்களுக்கு அந்தத் தலைதான் பதிவேடு.

அந்த ஞாபகத்தின் பெறுமதிக்கு ஒரு உதாரணம் போதும். ஜி6பிடி என்ற நொதியம் குறைந்தவர்களுக்குச் சில மருந்துகள் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். சிறுநீர் கறுத்த கோப்பி நிறத்தில் போகும். இது தாய் வழியாக ஆண்பிள்ளைக்கு வருவது. அதாவது தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கும் இருக்கக்கூடும். வன்னியில் மலேரியாவுக்குப் பிரைமாகுயின் குடித்து மாமனுக்குக் கறுப்பாய்ச் சிறுநீர் போன கதையை அந்த டொக்டர் எப்போதோ கேட்டிருப்பார். இருபது வருடம் கழித்து, அதே வீட்டுப் பையனுக்குச் சிறுநீர்க் கிருமி. நைட்ரோஃபியூரன்டொயின் எழுதப் போன பேனை நிற்கும். எந்த ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணினாலும் (காசு கட்டி இலக்கம் எடுத்துத் தனியாரில் பார்ப்பது), ஐந்து நிமிடத்துக்குள் "மாமாவுக்கு மலேரியா மருந்து ஒத்துவந்ததோ?" என்ற கேள்வி வராது.

1983 க்குப் பிறகு ஒரு பகுதி சனம் கப்பலேறியது, பிளேனேறியது. 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு இன்னொரு பகுதி வந்து வெள்ளவத்தையின் லொட்ஜுகளிலும் மாடிவீடுகளிலும் நிறைந்தது. டொக்டரின் வாங்கில் இருந்தவர்கள் மாறினார்கள். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். தாய் தகப்பன் நாலாம் மாடியில், பிரஷரோடும் சீனி வருத்தத்தோடும். அவர்களுக்கு டொக்டர் செய்து கொடுத்த மிகப் பெரிய காரியம் கடிதம். வார்ட்டில் தமிழ் தெரிந்தவர் எந்த நேரமும் இருப்பார் என்று சொல்ல முடியாது. அந்த அம்மா அரைகுறைச் சிங்களத்தில் தன் நெஞ்சுநோவை விளங்கப்படுத்துவதற்குப் பதிலாக ஒரு பக்க ஆங்கிலக் கடிதம் பேசியது. நல்ல கடிதத்தில் வயது, வருத்தம் எத்தனை நாள், பார்த்தபோது பிரஷரும் நாடித்துடிப்பும் என்ன, இப்போது குடிக்கும் மருந்தும் அளவும், ஒவ்வாமை, கடைசியாய் "இதைப் பாருங்கள்" என்ற ஒரு தெளிவான வேண்டுகோள். கவரில் எழுதாத மருந்துப் பெயர்கள் எல்லாம் இந்தக் கடிதத்தில் மட்டும் முழுசாக இருந்தன.

டெங்குவில் அவருடைய அருமை இன்னும் தெளிவாய்த் தெரியும். 2017 இல் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் பதிவான அந்த வருடத்தில், வைத்தியசாலைத் தாழ்வாரங்களில் பாய் விரிக்க இடமில்லாத நேரத்தில், யாரை வீட்டில் வைக்கலாம் யாரை அனுப்ப வேண்டும் என்று பிரித்துப் பார்த்தவர்களில் டிஸ்பென்சரி டொக்டர்களும் இருந்தார்கள். முறை சிக்கலானதல்ல, ஒழுங்குதான் வேண்டும். காய்ச்சல் தொடங்கிய நாளை முதலாம் நாளாக வைத்து எண்ண வேண்டும். ஆட்கள் பிழைவிடுவது இங்கேதான்: டொக்டரிடம் வந்த நாளை முதலாம் நாள் என்பார்கள். மூன்றாம் நாள் எஃப்.பி.சி. எனும் முழு இரத்த எண்ணிக்கை, பிறகு தினமும். பரசிற்றமோல் மட்டும், வளர்ந்தவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு இரண்டு குளிசைக்கு மேல் இல்லை. டைக்குளோஃபெனக், இபுபுரோஃபென், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் கிட்டவும் வரக்கூடாது. காய்ச்சல் இறங்கட்டும் என்று பின்வழியால் வைக்கும் டைக்குளோஃபெனக்தான் பல பேரை இரத்தப்போக்கில் கொண்டுபோய் விட்டது. 50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 24 மணித்தியாலத்தில் ஏறக்குறைய இரண்டரை லீற்றர் திரவம்: ஜீவனி எனும் உப்புச் சீனிக் கரைசல், கஞ்சி, தெம்பிலி, பழச்சாறு. வெறும் தண்ணீராய் ஊற்றினால் உப்புக் குறையும். ஜீவனிப் பக்கெற் ஒன்று முழு ஒரு லீற்றருக்கு. பாதியைக் கிளாசில் கலக்கி மிச்சத்தைச் சுருட்டி வைப்பது பிழை. சிவப்பு, மண்ணிறப் பானம் வேண்டாம், சத்தி எடுத்தால் அது இரத்தமா பீற்றூட்டா என்று தெரியாது.

காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோரும் மூச்சுவிடுவார்கள். டொக்டர் அப்போதுதான் தொலைபேசியில் கூப்பிடுவார். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற கட்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்கும், ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். பிளேற்லெற் ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலோ, வயிற்று நோவு, ஓயாத சத்தி, கைகால் குளிர்வது, ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாதது என்று ஏதும் இருந்தாலோ, "இனி என்னட்டை வரவேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்பார். எப்போது தன்னால் ஏலாது என்று தெரிந்திருந்தது பெரிய கெட்டித்தனம். பலர் தவறவிட்டதும் ஒன்று உண்டு: டெங்கு என்று சந்தேகம் வந்தாலே எச் 544 எனும் தொற்றுநோய் அறிவித்தல் படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பி.எச்.ஐ. எனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நுளம்பு பெருகும் பூச்சாடித் தண்ணீருக்கு வழக்குப் போடுவார் என்று வீட்டுக்காரர் கெஞ்ச, டொக்டர் படிவத்தை லாச்சிக்குள் விடுவார். அந்த இரக்கத்துக்கு விலை கொடுத்தது பக்கத்து வீடு.

வீட்டில் ஒரு வயோதிபர் இறக்கும்போதும் அவரைத்தான் தேடினார்கள். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து நேரம் எடுத்துக் கேட்டு, கண்ணில் ரோர்ச் அடித்துப் பார்த்து, பிறகுதான் மேசையில் இருந்து எழுதுவார். கடைசி வருத்தத்தில் பார்த்துவந்த டொக்டர் காரணத்தை எழுதிக் கொடுத்தால் பதிவும் மலர்ச்சாலையும் கனத்தை மயானமும் இலகு. அப்படி ஒருவர் இல்லையென்றால், அல்லது சந்தேகம் என்றால், பொலிஸ், திடீர் மரண விசாரணை அதிகாரி, சில வேளை பிரேத பரிசோதனை. காரணம் எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. மேல் வரியில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே அது எதனால் வந்தது, கடைசி வரியில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான நோய். 'இருதயம் நின்றது' என்று மட்டும் எழுதினால் அது காரணமே இல்லை, இறக்கிற எல்லோருக்கும் இருதயம் நிற்கும். நிமோனியா, அதற்குப் பக்கவாதம், அதற்குப் பல வருடப் பிரஷர் என்று எழுதத் தெரிந்தவர் அந்த ஆளை உண்மையிலேயே பார்த்து வந்தவர்.

அவருடைய சொந்த முடிவு இவ்வளவு ஒழுங்காய் அமைவதில்லை. முழுநேரத் தனியார் டொக்டருக்கு அறுபதில் ஓய்வும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. எண்பதிலும் மாலையில் லைற் எரியும். பிள்ளைகளில் ஒருவர் டொக்டராய் இருந்தாலும் அவர் பெரும்பாலும் வெளிநாட்டில். இலங்கைக் குடும்ப மருத்துவர் கல்லூரி 1974 இலேயே தொடங்கியது. ஆனாலும் இளம் டொக்டருக்கு மரியாதையும் வருமானமும் ஸ்பெஷலிஸ்ட் படிப்பிலும் சனலிங்கிலும்தான். ஆக, ஒரு வெள்ளிக்கிழமை நாற்பது பேரைப் பார்த்தவர் அடுத்த வெள்ளி இல்லை, இடையில் ஒப்படைப்பு என்று எதுவும் நடப்பதில்லை.

இனி அந்தக் கவருக்கு வருவோம். அவரிடம் மருந்து எடுத்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது, மிச்சம் இருக்கும் எல்லாக் கவரையும் குளிசைகளோடு அப்படியே ஒரு பையில் போட்டுப் புது டொக்டரிடம் கொண்டுபோவது. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்க வேண்டாம், எந்தக் கவரில் எது இருந்தது என்பதே துப்பு. நிறத்தை நம்பிச் சொல்ல வேண்டாம். பிரட்னிசலோன், கிளிபென்கிளமைட், ஃபுரோசமைட், டிஜொக்சின், தைரொக்சின் எல்லாமே சின்ன வெள்ளைக் குளிசையாக வரக்கூடியவை. 2022 தட்டுப்பாட்டில் கிடைத்த கொம்பனி மருந்தை வாங்கியதில், ஒரே மருந்து மாதத்துக்கொரு நிறத்தில் வந்த வீடுகளும் உண்டு.

கண்டுபிடிக்கும்வரை எல்லாவற்றையும் நிறுத்துவோம் என்று முடிவெடுப்பது ஆபத்து. தொய்வுக்கோ மூட்டு நோவுக்கோ பிரட்னிசலோனை மாதக்கணக்காய்ப் போட்டவர் திடீரென்று விட்டால், உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரக்க மறந்திருக்கும். சோர்வு, சத்தி, பிரஷர் இறக்கம் என்று மூன்றாம் நாள் வார்ட்டில் இருப்பார். முகம் உருண்டு, தோல் மெலிந்து, தட்டினால் கண்டிப்போகிறவரிடம் புது டொக்டர் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பிரஷருக்குப் போடும் அற்றினலோல், புரோபிரானலோல் நின்றால் நெஞ்சு படபடத்து, சிலருக்கு நெஞ்சுநோவே வரும். வலிப்புக்குப் போடும் குளிசை, ஸ்ரென்ற் வைத்தவரின் குளொப்பிடோகிரல், வார்ஃபரின், இன்சுலின் இவையும் அப்படித்தான். மறுபக்கம், பெயர் தெரியாமல் தொடரக்கூடாதவையும் உண்டு. வயது போய் சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் கிளிபென்கிளமைட் சீனியை அதளபாதாளத்துக்கு இறக்கும். மெதொற்றெக்சேற் கிழமைக்கு ஒருநாள் போடுகிற மருந்து, தினமும் போட்டால் ஆளையே கொல்லும். ஆகவே, இரண்டு மூன்று நாளுக்குள் போய் பிரஷர், சீனி, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியற்றினின் பார்த்துவிடுவது நல்லது.

டொக்டர் இன்னும் இருக்கிறார் என்றால் பாதி வேலை குறையும். ஒரு தாளில் பெயர், அளவு, எதற்கு, எப்போதிருந்து, எந்த மருந்து ஒத்துவராது என்று எழுதி வாங்குங்கள். கேட்டால் கோபிப்பார் என்று பயப்படுகிறவர்களுக்கு வெள்ளவத்தையில் ஏற்கனவே ஒரு வழி உண்டு: "கனடாவிலை இருந்து மகள் கேக்கிறா, பேரை ஒருக்கா எழுதித் தாங்கோ டொக்டர்." மகளுக்கு மறுப்புச் சொன்ன டொக்டர் குறைவு.

டொக்டரின் குடும்பத்துக்கும் வேலை இருக்கிறது. அட்டைகளைப் பழைய பேப்பர்காரருக்குக் கிலோவுக்குப் போட வேண்டாம். இந்த ஊரில் எழுதிய காகிதம் எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாருடையதோ சீனி ரிப்போர்ட்டில் வடை சுற்றி வரும். ஒரு மாதம், மாலையில் ஒரு மணித்தியாலம் கதவைத் திறந்து வைத்து, வருகிறவருக்கு அவரவர் அட்டையைக் கொடுக்கலாம். யாரும் கேட்டு வராததை எரித்துவிடலாம். மருந்து மிச்சத்தை அயலவருக்குப் பங்கிடக்கூடாது. சதுர ஓட்டைக்கு அப்பால் இருந்த உதவியாளரை அந்த ஒரு மாதமும் சம்பளம் கொடுத்து வைத்திருங்கள். எந்த டின்னிலிருந்து யாருக்கு எடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அலுமாரியைத் துப்புரவாக்க முன்னம் ஒவ்வொரு டின்னின் லேபலையும், மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் குளிசையையும் ஒன்றாய் வைத்து அவர் போனில் படம் எடுக்கட்டும். பக்கத்துத் தெரு டொக்டர்களுக்கு அந்தப் படங்களை அனுப்பிவிட்டால், கவரோடு வருகிறவரின் குளிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.